கஞ்சியும் கறியும்

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிவாசலுக்கு என்ன வயது என்று கேட்டால், பதில் ஆளுக்கு ஆள் மாறும். பள்ளிக் கமிட்டிக்காரர்கள் நானூறு வருஷம் என்பார்கள். மூலைக்கடைக்காரர் தன் பங்குக்கு இன்னும் ஒரு நூறு சேர்த்துக்கொள்வார். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ரெக்கார்டு இல்லாமல் எதையும் நம்பாதவர். "முந்நூறு. அதுக்கு மேல ஒரு நாள் கூடத் தரமாட்டேன்" என்பார், ஏதோ இவர் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளிக்கு வயதாகும் என்பது போல.

ஆற்றில் சரக்குத் தோணி வந்த காலத்தில் வியாபாரிகள் கட்டியது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. இப்போது கரமனை ஆற்றில் தோணி வருவதில்லை. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான் வருகின்றன. தோணி வந்து நின்ற கல்படி இன்னும் இருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவ அதில் யாரும் இறங்குவதில்லை, உள்ளே வரிசையாகக் குழாய் வைத்துவிட்டார்கள். படியில் தூண்டில் போடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மீன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியின் மைக் இல்லாவிட்டால் எங்கள் தெரு செவிடு. நாளை குழாயில் தண்ணீர் வராது, யார் வீட்டு ஆடு காணவில்லை, யார் இறந்துபோனார், எல்லாம் அதில்தான் வரும். ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையேறி எங்கள் அடுக்களைக்குள் வந்தபோது, அறிவிப்பு வந்ததும் அதில்தான். மூன்று நாள் பள்ளியின் மதரஸா மாடியில் கிடந்தோம். அம்மா அங்கேயே ஸ்டவ் பற்றவைத்து ரசம் வைத்தாள். அப்பா விடியற்காலைப் பாங்கு சத்தத்திலும் அசையாமல் குறட்டை விட்டார். மூன்றாம் நாள் பாங்கு சொல்கிறவரே மாடியேறி வந்து, "சாரே, கோவிச்சுக்கக் கூடாது, நிங்க கொறட்டை மைக்ல கேட்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பள்ளிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒருநாள் நான் வாய் கூசாமல் சொன்னேன். அந்த லட்சணத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நோன்பு மாதத்தில் பள்ளியில் கஞ்சி காய்ச்சுவார்கள். பச்சரிசி, வெந்தயம், பூண்டு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால், மேலே கொஞ்சம் நெய். சாயங்காலத் தொழுகை முடிந்ததும் தெருவே வாளியோடு வந்து நிற்கும். யார் என்ன மதம் என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது, வரிசையில் யார் யாரை முந்துகிறார்கள் என்பதுதான் பார்வை. அப்பா எப்போதும் முதல் மூன்று பேருக்குள் இருப்பார். அந்த மாதம் முழுக்கத் தன் வயிறு எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விவரமாகச் சொல்வார். நாங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கேரளாவுக்கு வந்த சுத்த சைவக் குடும்பம். ஆனால் எங்கள் பள்ளிக் கஞ்சியில் இறைச்சி போடுவதில்லை. தெருவில் பாதிப் பேர் சைவம் என்பதால்தான் அப்படி என்று பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். செலவு மிச்சம் என்பதால் என்று அப்பா சொல்வார். எப்படியோ, பல் முளைத்த நாளிலிருந்து நான் அதைக் குடித்து வளர்ந்தவள்.

கஞ்சிக்குப் பொறுப்பு, நாங்கள் இக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர். சாலைக் கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். அங்கே தமிழ் வியாபாரிகளோடு பேசிப் பேசி, தமிழும் மலையாளமும் ஒரே அண்டாவில் கிண்டிய மாதிரி பேசுவார். அவர் மனைவியை இத்தா என்போம். மெத்தைக் கடைக்காரர் என்றாலும் மனுஷர் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனி என் கதை. முப்பத்திரண்டு வயது, ஐடி வேலை, வாய் நீளம். வந்த வரன்கள் எல்லாம் இந்த மூன்றாவது விஷயத்தில் முட்டி விழுந்தன. அப்புறம்தான் பாளையங்கோட்டையிலிருந்து ஒருவன் வந்தான். கால்நடை மருத்துவர். ஆட்டுக்கு ஊசி போடுவான், ஆட்டைச் சாப்பிட மாட்டான். இரண்டு மாதம் போனில் பேசினோம். ஒரு எருமை தன்னை எப்படிச் சாணிக்குழியில் தள்ளியது என்று அவன் சொன்னபோது நான் ஆபீஸ் கழிவறையில் போய் நின்று சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இது தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்கிற அளவுக்குப் பிடித்துப்போயிற்று.

இடைஞ்சல் அவன் அம்மாதான். வருஷா வருஷம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணீரில் விரதம் இருக்கிறவர். போனில் என் அம்மாவிடம் மூன்று முறை கேட்டுவிட்டார்: "சுத்த சைவந்தான? கேரளாவுல இருக்கீய, மீன் கீன்னு பழகிடலியே? பின்னால தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்." மூன்று முறையும் அம்மா ஆறுமுகன் மேல் சத்தியம் செய்தாள்.

பெண் பார்க்க அவர்கள் வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. நோன்பு மாதம்தான், ஆனால் மூன்று மணிக்கு வந்து நாலரைக்குக் கிளம்பிவிட்டால் கஞ்சி வரிசைக்கும் போய்விடலாம் என்று அப்பா உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதைக் கெடுத்தது அம்மா. நான் பையனுக்கு லொக்கேஷன் அனுப்பியிருந்தேன். அவன் அப்பாவுக்குப் போன் சொல்லும் வழியில் நம்பிக்கை கிடையாது. என் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா சொன்னாள்: "கரமனைப் பாலம் தாண்டினதும் இடத்துக்கு வாங்க. பள்ளிக்கு நேர் எதிர்வீடு."

இங்கே பள்ளி என்றால் பள்ளிவாசல். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு வேறு அர்த்தம் ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. திருநெல்வேலிக்காரர்கள் பள்ளிக்கூடத்தைத் தேடினார்கள். போதாக்குறைக்கு "இடத்துக்கு" என்றால் மலையாளத்தில் இடது பக்கம். எந்த இடத்துக்கு என்று அவர்கள் விழித்திருக்கிறார்கள். ஆற்றின் அந்தக் கரையில் ஒரு ஸ்கூலைக் கண்டுபிடித்து, அதன் எதிர்வீட்டில் மணியடித்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் பூவும் பழத்தட்டும் நீட்டிவிட்டு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து.

ஆக, பஜ்ஜியும் கேசரியும் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரமும், எதிரே கஞ்சி வரிசை நகர்ந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. அப்பாவுக்கு ஒரு கண் சம்பந்தி மேல், ஒரு கண் ஜன்னல் மேல். நான் புடவையில் மூச்சுமுட்ட உட்கார்ந்திருந்தேன். பையன் நேரில் இன்னும் நன்றாக இருந்தான். அவன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "பரவால்ல, போட்டோவ விட லெச்சணமாத்தான் இருக்கா" என்றார். பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் வாசலில் இக்கா வந்து நின்றார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மூடிபோட்ட தூக்குவாளி, வாயெல்லாம் சிரிப்பு.

"சாரே! இன்னைக்கு வரிசையில காணல்லியே, சுகமில்லையோன்னு பேடிச்சுப் போயி. இதா, கஞ்சியும் கறியும். விருந்துக்காரும் உண்டல்லோ, கறி கூடுதலா இட்டிருக்கு!"

மலையாளத்தில் கறி என்றால் தொட்டுக்கொள்ள வைக்கிற எதுவும் கறிதான். அன்று வாழைக்காயும் பயறும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாழைக்காய்தான் மனதில் வரும். பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர்களுக்கு? தொப்பி வைத்த ஒருவர் பள்ளிவாசலிலிருந்து வாளியில் கொண்டுவந்து நீட்டும்போது, அந்தச் சொல்லுக்கு நாலு காலும் இரண்டு கொம்பும் முளைத்துவிடும்.

பையனின் அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கறியா? இந்த வீட்டுக்குக் கறி வருமா?"

அப்பா வாயைத் திறந்தார். "இல்ல, அது வந்து வாழைக்கா…"

"என்னதா இருக்கட்டும் அண்ணாச்சி. அங்க ஆக்குனத நீங்க இங்க வாங்கிச் சாப்பிடுதீயளா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அவர் குரலில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து காட்டினாலும் இனி பயனில்லை. அப்பா ஹெட் கிளார்க், உண்மையைத் தவிர எதையும் சொல்லத் தெரியாதவர். நாற்பது வருஷமாகக் குடிக்கிறேன் என்று தேதி வாரியாகச் சொல்லப் போகிறார். பையன் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

"ஐயோ அத்தை, அது எங்களுக்கில்ல. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு. நாங்க அதைத் தொடவே மாட்டோம். அந்தப் பள்ளிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

எங்கள் வீட்டில் வேலைக்காரியே கிடையாது. அம்மா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இக்காவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. பிறகு அவர், மெத்தைக் கடையில் பழகிய நல்ல தமிழை எடுத்து, நிதானமாகச் சொன்னார்:

"ஆமாம்மா. வேலைக்காரிக்குத்தான். நான்தான் விவரமில்லாம உள்ளே கொண்டு வந்துட்டேன். இவங்க பள்ளிப் பக்கமே வரமாட்டாங்க."

வாளியை வெளிப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பையனின் அம்மா கேசரியை மறுபடி கையில் எடுத்தார். இரவு எட்டு மணிக்கெல்லாம் சம்மதம் என்று போன் வந்துவிட்டது.

பையனிடம் மட்டும் மறுநாளே உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான். கால்நடை மருத்துவரின் வீரம் அவ்வளவுதான்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சிக்கும் போகவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது, அவர் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இக்காவிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆபீஸ் விட்டு வரும்போது, இன்று போகிறேன் என்று நினைத்து, தெருமுனையில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் ஓடினேன். ஊருக்கெல்லாம் நீளுகிற வாய், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"சாரே! வேலைக்காரிக்கு இன்னைக்கும் கஞ்சி வேண்டாமோ?"

அப்பா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நோன்பு முடியும் வரை வரிசையில் அவருக்கு வேலைக்காரி என்றுதான் பெயர். சரி, எல்லாம் சிரிப்பில் கரைந்துவிட்டது, தப்பித்தேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெருநாள் முடிந்து, சித்திரை பிறந்து முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பந்தல். எங்கள் தெருவில் விசேஷம் என்றால் பாத்திரம் கோயிலிலிருந்து வரும், நாற்காலியும் பெஞ்சும் பள்ளியிலிருந்து வரும். வேறு ஏற்பாடு யாருக்கும் தெரியாது. நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் பள்ளியின் பெயர் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். ஒரு பொய் சொன்னால் போதுமா, அதற்குச் சட்டை தைத்துப் போட வேண்டாமா? அம்மா முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பழைய வேட்டிகளைக் கிழித்து, அத்தனை நாற்காலிக்கும் உறை மாட்டினாள். "உன்னால எனக்கு இந்த வயசுல தையக்காரி வேல" என்று ஒவ்வொரு உறைக்கும் ஒரு திட்டு. இக்காவைக் கூப்பிட வேண்டுமா, ஏதாவது வாய்தவறிவிட்டால் என்ன செய்வது என்று அவள் இழுத்தபோது, அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அவன் வராம என் வீட்டுல எலை விழாது."

இக்கா காலையிலேயே வந்துவிட்டார். பெஞ்சு சுமந்தார், பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டினார், சமையல்காரரோடு சண்டை போட்டார். மத்தியானம் இலை போட்டதும் மட்டும் ஒதுங்கிப் போய் மாடிப்படிப் பக்கம் நின்றுகொண்டார். இத்தா உட்கார்ந்தார், இவர் உட்காரவில்லை. அப்பா கையைப் பிடித்து இழுத்தும், "பின்னே ஆவட்டும் சாரே" என்று நழுவினார்.

பையனின் அம்மா அதைக் கவனித்துவிட்டார். என் பக்கத்து இலையில்தான் இருந்தார். தன் தங்கையிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரகசியம் பேசினார்: "பாத்தியா? காலைலேர்ந்து ஓடியாடுதாரு, நம்ம எலையில கை நனைக்க மாட்டேங்காரு. நம்மதான் வித்தியாசம் பாக்கோம்னு ஊரெல்லாம் பேச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து இத்தாவிடம் போனேன். அவர் அடைப்பிரதமன் பாயசத்தை இலையிலிருந்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தா, இக்கா ஏன் சாப்பிடல்ல? என்மேல கோவமா?"

"எந்துக்கு கோவம்? இக்காக்கு இன்னு நோம்பாக்கும்."

"பெருநாள் எப்பவோ முடிஞ்சாச்சே?"

"ஒரு நோம்பு அன்னைக்குப் போயில்லே மோளே, அதுக்குப் பதிலு." விரலை நக்கிக்கொண்டே, மழை வருகிறது என்பது போல சாதாரணமாகச் சொன்னார். "நின்னைப் பெண்ணு காண வந்த அன்னு. நோம்பும் வெச்சிட்டுக் கள்ளம் பறஞ்ஞா அது நிக்குமோ? பள்ளியில உஸ்தாத் சொல்லி, திரும்பி வைக்க வேண்டான்னு. இவருக்கு மனசு சமாதானம் ஆகல்ல. நின்னோட காரியம் நல்லபடி முடியற நாளிலேயே வெச்சுத் தீர்க்கணும்னு ஒரே வாசி."

கள்ளம் பறைவது என்றால் பொய் சொல்வது, வாசி என்றால் பிடிவாதம். அன்று மணி ஐந்தேகால். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பங்குனி வெயிலில், கஞ்சி அண்டாவுக்கு அடியில் எரியும் நெருப்புக்கு முன்னால் நின்று காய்ச்சிவிட்டு, அப்பாவைக் காணவில்லையே என்று பதறி வந்த மனுஷன். நோன்பு திறக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பாக்கி. அந்த நேரத்தில் நான் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டேன். ஒரு மாதமாக இந்த மனுஷர் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தப்பித்தேன் என்று புடவை எடுக்கப் போனேன்.

திரும்பிப் போய்ப் பையனின் அம்மாவின் இலைக்கு எதிரே நின்றேன். குரல் வழக்கம்போல உயர்ந்துதான் வந்தது.

"அத்தை, அவர் வித்தியாசம் பார்க்கல்ல. நோம்பு இருக்காரு, என்னாலதான். அன்னைக்கு வந்த கஞ்சி எங்களுக்குத்தான் வந்தது. எங்க வீட்டுல வேலைக்காரி கிடையாது. பொறந்ததுலேர்ந்து நான் அதைக் குடிச்சிருக்கேன், அப்பா வருஷா வருஷம் வரிசையில நிக்காரு. வெள்ளம் வந்தப்ப மூணு நாள் அந்தப் பள்ளியிலதான் படுத்திருந்தோம். நீங்க உக்காந்திருக்கற நாற்காலியும் அவங்களுதுதான். நான் பொய் சொன்னேன்."

பந்தலில் சாம்பார் வாளி கூட அசையவில்லை. பையன் தன் இலையில் இருந்த அப்பளத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாடிப்படியிலிருந்து இக்கா அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

"இல்லம்மா, இல்ல! மோள் வெறுதே சொல்லுது! அது வேலைக்காரிக்குத்தான், நான்தானே கொண்டு…"

"இக்கா, வாயை மூடுங்க!" என்று கத்தினேன். "இந்த நோம்பும் போயிடும்!"

அவர் பாதிப் பேச்சோடு உதட்டை இறுக்கிக்கொண்டார்.

பையனின் அம்மா இக்காவைப் பார்த்தார். வறண்டு வெடித்திருந்த அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறு நாள் தண்ணீரில் கிடக்கிறவரின் கண் அது, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"வெரதம் இருந்த மனுசனப் பொய் சொல்ல வச்சிருக்கியேட்டி, பாவி" என்றார். "கறி என்ன பெரிய கறி. கல்யாணம் முடியட்டும், ஒனக்கு இருக்கு."